டைல்ஸ் வாங்கும் முன் கசிவைத் தேடுங்கள்

வாசகர் கேள்விக்குக் கட்டடப் பொறியாளர் பதில்

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கிறார். கட்டடத்துக்கு 18 வயது. வீட்டில் இரண்டு குளியலறைகள். அவற்றில் பெரியது, 8 அடிக்கு 5 அடி. அதற்கு நேர்கீழே உள்ள வீட்டின் கூரையில் ஒரு வருடமாக ஓதம் பரவுகிறது. கீழ்வீட்டுக்காரர் இப்போது எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துவிட்டார். வேலைக்கு விசாரித்த ஒப்பந்ததாரர், "பழைய டைல்ஸை உடைக்க வேண்டாம், அதன்மேலேயே புதிது ஒட்டிவிடலாம். இடுக்குகளில் கெமிக்கல் விட்டால் கசிவு நின்றுவிடும். ஏழே நாள்" என்று மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். வீட்டில் 74 வயது மாமியார், முழங்கால் வலியோடு இருக்கிறார். எப்படியும் செலவு செய்யப் போகிறோம் என்பதால் கழிப்பறைக் கோப்பையை எதிர்ச்சுவருக்கு மாற்றி, சுவரில் தொங்கும் வகையாக வைக்கவும், பெரிய மழை ஷவர் போடவும் வாசகிக்கு ஆசை. தள்ளுபடி முடிவதற்குள் டைல்ஸையும் குழாய்களையும் வாங்கிவிடலாமா, இரண்டு குளியலறைகளையும் சேர்த்தே செய்துவிடலாமா, கடன் வாங்காமல் கையில் உள்ள சேமிப்பை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தில் அளவு, வயது, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் எழுதியிருப்பதால் நேராக விஷயத்துக்கு வர முடிகிறது. டைல்ஸ் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒப்பந்ததாரருக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. அது தெரியாமல் போடும் எந்த எஸ்டிமேட்டும் ஊகம்தான். உங்கள் சேமிப்பை ஓர் ஊகத்தின் மேல் வைக்க வேண்டாம்.

கசிவு எங்கே என்று பார்க்கும் முறை

கீழ்க்கூரையில் தெரியும் ஈரம் பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றிலிருந்து வரும். ஒன்று, சுவருக்குள் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் குழாய். இரண்டாவது, தரையில் விழும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குவது. மூன்றாவது, தரைத் தண்ணீர் வடிந்து இறங்கும் தரை டிராப்பும் அதன் குழாயும் சேரும் இடம். நான்காவது, கோப்பையின் கழிவுக் குழாய் இணைப்பு. நான்குக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. முதலாவது என்று தெரிந்தால் ஒரு சுவரைக் கீறிக் குழாயை மாற்றுவதோடு அவசரம் தீர்ந்துவிடும். புதுப்பிப்பை உங்கள் வசதிப்படி தள்ளிப் போடலாம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், செலவு அதிகமில்லை. இன்னொரு குளியலறை இருப்பது இங்கே பெரிய உதவி. பெரிய குளியலறைக்கான வால்வை அடைத்துவிட்டு நான்கைந்து நாள் அதைப் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, கூரையில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வை மட்டும் திறந்து இரண்டு நாள் விடுங்கள், எந்தக் குழாயையும் திறக்க வேண்டாம். ஈரம் கோட்டைத் தாண்டினால் அழுத்தக் குழாயில்தான் கோளாறு. பிளம்பரிடம் அழுத்தமானி வைத்த கைப்பம்ப் இருந்தால், எல்லா வாய்களையும் மூடி அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியானது.

குழாயில் குறையில்லை என்றால் அடுத்தது தரை. டிராப் வாயை இறுக்கி அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். அடுத்த முறை, தரை நனையாதபடி ஒரு ஹோஸ் வழியாக டிராப்புக்குள் மட்டும் பத்து வாளி தண்ணீர் விடுங்கள். கடைசியாக, கோப்பையில் அடர்த்தியான நிறம் கலந்த தண்ணீரைப் பலமுறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்த வகைக் குடியிருப்புகளில் குளியலறைத் தளத்தை மற்ற தளத்தைவிட எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் பள்ளமாகப் போட்டு, அதில் குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் வருடக்கணக்கில் சேர்ந்த தண்ணீரைச் செங்கல் ஜல்லி பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கும். மேலே எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் கீழே வாரக்கணக்கில் சொட்டலாம். "பூட்டிவைத்தும் சொட்டுகிறதே" என்று குழம்ப வேண்டாம். சொட்டு நிற்கிறதா என்பதைவிட, கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பாருங்கள்.

கூரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஓதம் என்று அர்த்தம். துருநிறக் கோடுகள், உப்பிய சிமென்ட் பூச்சு, கம்பி வெளியே தெரிவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குளியலறை வேலையைத் தொடங்கும் முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப் போடக் கூடாது.

டைல்ஸ்மேல் டைல்ஸ்

அந்த முறையே தவறு என்று சொல்லமாட்டேன். கசிவில்லாத, உறுதியான சுவரில் நல்ல ஒட்டும் கலவையோடு செய்தால் நன்றாகவே நிற்கும். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி வரும் டைல்ஸ் ஏற்கெனவே சுவரைவிட்டுப் பிரிந்தது. அதன்மேல் ஒட்டும் புதுசும் அதோடு சேர்ந்தே ஒருநாள் விழும்.

ஆனால் உங்கள் வீட்டில் பிரச்சினை தரைக்கு அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். டைல்ஸும் அதன் இடுக்கில் அடைக்கும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்கும் அரண் என்று பலர் நம்புகிறார்கள். அது தேய்மானத்தைத் தாங்கும் மேற்பரப்பு மட்டும்தான். தண்ணீரைத் தடுப்பது அதன் அடியில் பூசும் வாட்டர் புரூஃபிங் படலம். 18 வருடத்தில் அது விரிசல் விட்டிருந்தால், மேலே எதை ஊற்றினாலும் சில மாதத்துக்குக் கசிவை மறைத்துவைக்கலாம், அவ்வளவுதான். போதாததற்கு, புது டைல்ஸும் கலவையும் சேர்ந்து தரையை 12 முதல் 15 மி.மீ. உயர்த்தும். கதவின் அடியை அறுக்க வேண்டும், டிராப் வாய் குழிக்குள் போகும், வாசலில் மாமியாரின் கால் இடறும் உயரம் மாறும். ஆகவே தரை அல்லது கழிவுக் குழாய் என்று சோதனை சொன்னால், பள்ளத்தின் அடிவரை பிரித்தே தீர வேண்டும்.

அப்படிப் பிரிக்கும்போது பெரும்பாலானோர் மறக்கும் செலவு இடிபாடு. 40 சதுர அடியில் ஓரடி ஆழம் என்றால் 40 கன அடி நிரப்பு. அதோடு சுவர் டைல்ஸும் பூச்சும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று டன். 30 கிலோ மூட்டையாகக் கட்டினால் நூறு மூட்டை, மேல்தளத்திலிருந்து இறங்க வேண்டும். எஸ்டிமேட்டில் 'உடைத்தல்' என்று ஒரே வரியாக இருந்தால், கீழே இறக்கி அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். மூட்டைகளைப் பால்கனியிலோ ஒரே அறையின் நடுவிலோ குவிக்கவும் விடாதீர்கள், தளம் அந்தப் பாரத்துக்காகப் போடப்பட்டதல்ல. பள்ளத்தின் கடைசி ஓரிரு அங்குலத்தை இயந்திரம் இல்லாமல் உளியால் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

கோப்பையை மாற்றுவது பற்றி

இங்கே உங்கள் ஆசைக்குக் குறுக்கே நிற்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். கோப்பையின் கழிவுக் குழாய் 110 மி.மீ. விட்டம். அது 40-க்கு 1 என்ற வாட்டத்தில் ஓட வேண்டும். 8 அடி தள்ளினால் சுமார் 60 மி.மீ. இறக்கம் தேவை. குழாயின் விட்டத்தோடு சேர்த்து 170 மி.மீ. ஆகிவிட்டது. அதன்மேல் கோப்பை இறங்கும் வளைவு, கீழே படுகை, மேலே கான்கிரீட், டைல்ஸ். பள்ளம் முழு ஓரடி இருந்தால் நெருக்கியடித்து நுழையும். எட்டு ஒன்பது அங்குலம் என்றால் நுழையாது. அப்போது பிளம்பர்கள் வாட்டத்தைக் குறைத்துச் சமாளிப்பார்கள், ஆறு மாதத்தில் அடைப்பு ஆரம்பிக்கும். தரை டிராப்பின் குழாய் குறுக்கே வந்தால் இன்னும் சிக்கல். பொதுக் கழிவுக் குழாயில் சேரும் இடத்தை உங்கள் இஷ்டத்துக்கு இறக்கவும் முடியாது, அது எல்லா வீட்டுக்கும் சொந்தம். அதைத் தொடுவதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள்.

பேசினையும் ஷவரையும் இடம் மாற்றலாம், அவற்றின் குழாய்கள் சிறியவை. கோப்பை இருந்த சுவரிலேயே இருக்கட்டும்.

சுவரில் தொங்கும் வகை பார்க்க அழகு, கூட்டுவதும் எளிது. ஆனால் நாலரை அங்குலச் செங்கல் சுவரைக் குடைந்து அதன் தொட்டியைப் பதிப்பது ஆபத்து. தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தை நிறுத்தி, முன்னால் ஒரு சிறு சுவர் எழுப்ப வேண்டும். அது ஆறு முதல் எட்டு அங்குலத்தை விழுங்கும். 5 அடி அகலத்தில் அது பெரிய இழப்பு. தரையில் நிற்கும் கோப்பையே எடுங்கள். அமரும் உயரம் 17 முதல் 19 அங்குலம் வரை உள்ளதாகப் பாருங்கள், முழங்கால் வலி உள்ளவர் எழுவதற்கு அந்த இரண்டு மூன்று அங்குலம் பெரிய உதவி. வாங்கும் முன், சுவரிலிருந்து கழிவு வாயின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தை டைல்ஸ் தடிமனைக் கழித்து அளந்துகொண்டு போங்கள். கோப்பை பொருந்தாமல் திரும்பிப் போவது பெரும்பாலும் இந்த ஓர் அளவால்தான்.

மாமியாருக்காக இன்னும் சில. கோப்பையின் மையத்திலிருந்து பக்கச் சுவருக்கு 18 அங்குலம் கிடைத்தால் நல்லது. 15-க்குக் கீழே போக வேண்டாம். கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், கோப்பைக்குப் பக்கத்தில் ஒன்று, ஷவரில் ஒன்று. அது எங்கே வரும் என்று டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரில் குறித்து, அந்த இடத்தில் உள்ளே பொள்ளல் இல்லாமல் நிரப்பச் சொல்லுங்கள். துளையிட்ட பின் ஒவ்வொரு துளையையும் சிலிகான் வைத்து மூட வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடிகளை நம்பி அவர் உடல் எடையைச் சாய்க்க விடாதீர்கள். கதவு வெளிப்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரை எட்டிப் பிடிக்க முடியும். தரைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 என்ற வழுக்கல் தடுப்புத் தரம் உள்ள மேட் டைல்ஸ், ஓரடிக்கு ஓரடி அளவிலோ அதற்குக் குறைவாகவோ எடுங்கள். பெரிய டைல்ஸ் போட்டால் நான்கு பக்கமிருந்தும் டிராப்பை நோக்கி வாட்டம் கொடுக்க முடியாமல் மூலையில் தண்ணீர் நிற்கும். 80-க்கு 1 வாட்டம் போதும், 8 அடிக்கு 30 மி.மீ. இறக்கம்.

மழை ஷவரையும் யோசியுங்கள். உங்கள் தொட்டிக்கும் ஷவருக்கும் 10 அடிதான் உயர வித்தியாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 0.3 பார் அழுத்தம். அகலமான மழை ஷவர் நன்றாகப் பொழிய ஏறக்குறைய 1 பார் தேவை. அழுத்தப் பம்ப் வைக்காவிட்டால் ஒழுகும் கூரைபோல் சொட்டும். பம்ப் வைத்தால் பழைய குழாய்களும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உட்கார்ந்து குளிப்பவருக்குக் கைஷவர் எவ்வளவோ வசதி, செலவும் குறைவு.

பணத்தைப் பிரிப்பது

பெரும்பாலும் கோப்பையும் குழாயும் டைல்ஸும் தேர்ந்தெடுத்தாகிவிடும். மிச்சம் இருப்பதை வைத்துப் பிளம்பரையும் வாட்டர் புரூஃபிங்கையும் பேரம் பேசுவோம். இதைத் தலைகீழாக்குங்கள். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பத்து வருடம் கழித்து மாற்றலாம். அதன் அடியில் உள்ளதை மாற்ற மறுபடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

மொத்தத் தொகையை நூறு பங்காக வைத்துக்கொள்வோம். முதலில் 15 பங்கை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். பழைய கட்டடத்தில் உடைத்த பிறகுதான் தெரியும் சங்கதிகள் உண்டு. அந்த 15-ஐ டைல்ஸ் கடையில் தொடக் கூடாது. மீதி 85-இல் உடைக்கவும் அப்புறப்படுத்தவும் 10, குழாய், டிராப், வால்வுகளுக்கு 15, வாட்டர் புரூஃபிங், நிரப்பு, பூச்சுக்கு 15, டைல்ஸ், ஒட்டும் கலவை, கூலிக்கு 22, கோப்பை, பேசின், ஷவர், குழாய்களுக்கு 15, மின்வேலை, எக்ஸாஸ்ட், கதவுக்கு 5, கீழ்வீட்டுக் கூரையைச் சரிசெய்ய 3. இது உங்கள் அளவு அறைக்கு நான் போடும் பிரிப்பு. கீசர் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்வீர்கள் என்று கருதிப் போட்டது. எஸ்டிமேட் வந்ததும் ஒன்றிரண்டு பங்கு இங்குமங்கும் மாறலாம். குழாய்க்கும் வாட்டர் புரூஃபிங்குக்கும் ஒதுக்கிய 30 மட்டும் குறையக் கூடாது.

சதுர அடிக்கு இவ்வளவு என்ற கணக்கு குளியலறைக்குப் பொருந்தாது, ஏனென்றால் வேலை தரையைவிடச் சுவரில்தான் அதிகம். உங்கள் அறையின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 182 சதுர அடி, கதவைக் கழித்து சுமார் 165. ஷவர் பகுதியின் மூன்று பக்கமும் சேர்ந்த 11 அடி நீளத்துக்கு மட்டும் 7 அடி உயரம், மற்ற இடத்தில் 4 அடி என்று வைத்தால் 127 சதுர அடி போதும். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மிச்சம், அறையின் உபயோகத்தில் ஒரு குறையும் வராது. குறைக்க வேண்டுமானால் இப்படிக் குறையுங்கள். சேதாரத்துக்குப் பத்து சதவீதமும், எதிர்காலப் பழுதுக்கு ஒரு பெட்டியும் கூடுதலாக வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்க வேண்டும். தள்ளுபடியில் வரும் டைல்ஸ் பெரும்பாலும் ஸ்டாக்கின் கடைசி. நான்கு டைல்ஸ் குறைந்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

வாட்டர் புரூஃபிங் பரப்பையும் இதேபோல் நீங்களே கணக்கிடுங்கள். தரை 40, சுற்றிலும் ஓரடி உயரத்துக்கு 26, ஷவர் சுவர்களில் அதற்குமேல் ஐந்தடி என்றால் 55, பள்ளத்தின் அடியும் பக்கங்களும் 66. மொத்தம் சுமார் 185 சதுர அடி. எஸ்டிமேட்டில் '40 சதுர அடி வாட்டர் புரூஃபிங்' என்று எழுதியிருந்தால், பூசப் போவது தரையை மட்டும்தான். விலை குறைவாகத் தெரிந்ததன் ரகசியமும் அதுதான்.

வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியவையும் சில உண்டு. தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிட, சுவருக்குள் பதியும் டைவர்ட்டர் பாடி, கோப்பையின் மாடல், டைல்ஸின் தடிமன். இவை முடிவாகாமல் பிளம்பரால் அளவு வைக்க முடியாது. டைவர்ட்டர் பாடி டைல்ஸ் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று அதன் பெட்டியிலேயே அளவு இருக்கும், அது தவறினால் மேல்மூடி பொருந்தாது. பேசின், கண்ணாடி, டவல் கம்பி எல்லாம் கடைசி வாரத்தில் வாங்கினால் போதும்.

இரண்டு குளியலறைகளையும் சேர்த்துச் செய்தால் கூலியில் ஓரளவு மிச்சமாகும், உண்மை. ஆனால் மூன்று நான்கு வாரம் வீட்டில் கழிப்பறையே இருக்காது. அத்தோடு உங்கள் தொகையை இரண்டாகப் பிரித்தால் இரண்டிலும் அடிவேலை அரைகுறையாகும். கசியும் ஒன்றை முழுமையாக முடியுங்கள். ஒரே ஒரு காரியம் மட்டும் இப்போதே சேர்த்துச் செய்யலாம், ஏற்கெனவே இல்லாவிட்டால் ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு.

வேலை நடக்கும்போது நின்று பார்க்க வேண்டியது

டிராப் குழாய் தளத்தையோ சுவரையோ துளைத்துப் போகும் இடத்தைக் குனிந்து பாருங்கள். பிவிசி குழாயின் மேற்பரப்பு வழவழப்பானது, சிமென்ட் கலவை அதோடு ஒட்டாது. காய்ந்து சுருங்கும்போது குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழும். தண்ணீருக்கு அந்த வழி போதும். அதனால் குழாயை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒட்டும் சால்வென்ட் தடவி மணல் தூவி, காய்ந்ததும் சுருங்காத கிரவுட்டால் அந்த வளையத்தை நிரப்ப வேண்டும். அதன்மேல் வரும் வாட்டர் புரூஃபிங் படலம் ஃபைபர் வலையோடு குழாயைத் தழுவி ஏற வேண்டும். மேல்தரையில் அந்தப் படலம் டிராப்பின் வாய்க்குள் மடிந்து இறங்க வேண்டும், வெளி விளிம்போடு நின்றுவிடக் கூடாது. நின்றுவிட்டால், டைல்ஸுக்கு அடியில் இறங்கும் தண்ணீர் டிராப்புக்குள் போகாமல் அதன் வெளிப்பக்கம் வழியே பள்ளத்துக்குள் போகும். இப்போது கீழ்க்கூரையில் தெரியும் ஈரம் இதே வழியில் வந்திருந்தால் வியப்பில்லை.

தரையும் சுவரும் சேரும் மூலை செங்கோணமாக இருக்கும் வரை படலம் அங்கே வெடிக்கும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலச் சாய்வாகக் கலவையால் மூலையை மழுக்கிவிட்டுப் பிறகு பூசுவார்கள். பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கோட், இரண்டாவது கோட் முதலாவதற்குக் குறுக்காக. பள்ளத்தின் அடியில் ஒருமுறை, நிரப்பிய பின் மேலே ஒருமுறை, இரண்டு முறையும் தண்ணீர் நிறுத்திச் சோதனை. குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. சோதனையின்போது கீழ்வீட்டுக் கூரையை நீங்களும் அவரும் சேர்ந்தே பாருங்கள். சுடுதண்ணீருக்குச் சிபிவிசி குழாய், மூடும் முன் அழுத்தச் சோதனை. சுவரை மூடும் முன் குழாய்கள் ஓடும் இடத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் உதவும்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. கீசருக்குத் தனி சர்க்யூட், சரியான எர்த், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் விசிறி இந்த அறைக்கு நிமிடத்துக்கு 50 கன அடி இழுத்தால் போதும், கதவுக்கு அடியில் காற்று நுழைய அரை அங்குல இடைவெளி விடுங்கள்.

இதையெல்லாம் ஏழு நாளில் முடிக்க முடியாது. உடைக்க இரண்டு மூன்று நாள், குழாய்க்கும் மின்சாரத்துக்கும் மூன்று, பூச்சும் அது ஆறுவதும் ஒரு வாரம், படலமும் இரண்டு சோதனைகளும் ஒரு வாரம், டைல்ஸும் கிரவுட்டும் ஐந்தாறு நாள், பொருத்துதல் இரண்டு நாள். நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் முதலில் விடுபடுவது தண்ணீர் சோதனைதான்.

ஒப்பந்தமும் கீழ்வீட்டுக்காரரும்

வாய்மொழிப் பேச்சை எழுத்தாக்குங்கள். எந்த வேலை, எவ்வளவு பரப்பு, எந்தப் பொருள், யார் வாங்குவது, இடிபாடு யார் பொறுப்பு, நடுவில் மாற்றம் வந்தால் விலையை எழுதிக் கையெழுத்தான பிறகுதான் வேலை, கசிந்தால் எத்தனை வருடத்துக்கு இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இவை ஒரு பக்கத்தில் அடங்கும். பணத்தை வேலையோடு கட்டுங்கள். தொடங்க 15 சதவீதம், உடைத்துக் குழாய் போட்டுச் சோதித்த பின் 25, தண்ணீர் சோதனை முடிந்ததும் 25, டைல்ஸ் முடிந்ததும் 25, இரண்டு வாரம் பயன்படுத்திய பின் கடைசி 10. தண்ணீர் சோதனை வேண்டாம் என்று சொல்லும் ஒப்பந்ததாரர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கீழ்வீட்டுக்காரரின் புகாருக்கு மௌனம் பதிலாகாது. யார் செலவு என்பது கசிவு உங்கள் குழாயிலா, பொதுக் குழாயிலா என்பதையும், உங்கள் கட்டடத்தின் ஆவணங்களையும், உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது. ஆகவே இப்போதே முழுப் பொறுப்பையும் ஏற்பதாக எழுதிக்கொடுக்க வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "சோதனை இந்தத் தேதியில் தொடங்குகிறது, நீங்களும் உடன் இருங்கள்" என்று தேதி போட்டுப் பதில் எழுதி, நகலைச் சங்கத்துக்கும் கொடுங்கள். சோதனை முடிவு பொதுக் குழாயைக் காட்டினால் அந்தச் செலவில் சங்கத்துக்குப் பங்கு கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

வேலை முடிந்ததும் அவர் கூரைக்கு உடனே பெயின்ட் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், அவர் கேட்டாலும் பொறுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற ஐந்தாறு வாரமாவது ஆகும். பென்சில் கோடு அப்படியே இருந்து, அதற்குள் உள்ள பகுதி வெளுத்துக் காய்ந்ததைப் பார்த்த பிறகு, உப்பைச் சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம்.